வெள்ளைப் பூ நிற்கும் பத்து நாள்

காமியா, இடாஹோ
1952 அக்டோபர் 4

அன்புள்ள ரோடா,

கர்த்தருடைய கிருபையால் நானும் சைலஸும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நவோமியின் அடக்கத்துக்கு நீ வந்தாய். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டு, மண் தள்ளுவதற்குள் போய்விட்டாய். உன் வண்டி கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்டது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நடந்ததை யார் யார் வாயிலிருந்தோ கேட்டிருப்பாய். ஒரு தங்கை அதை அக்காவின் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூலை கடைசியில் மேட்டுப் புல்வெளியில் காமாஸ் கிழங்கு தோண்டினோம். நான், சைலஸ், யூனிஸ் சித்தி. மூன்று நாள் குழியில் புதைத்துச் சுட்டோம். சூட்டுக் கல், ஈரப்புல், எல்லாம் எப்போதும் போலத்தான். குழி திறந்ததும் முதல் கிழங்கு வீட்டில் சின்னவர்களுக்கு என்பது அம்மா வைத்த வழக்கம். நவோமி நான்கு தின்றாள். "அம்மா, இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்றாள். ஐந்தாவதையும் நானே தோல் உரித்துக் கொடுத்தேன். பிறகு நாங்களும் தின்றோம். இருட்டுவதற்குள் எல்லோருக்கும் வாந்தி. பெரியவர்கள் மறுநாள் எழுந்துவிட்டோம். அவளுக்கு வாயில் நுரை. நாடி குறைந்துகொண்டே போனது. சைலஸ் லாரியை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். ஆற்றுப் பாலத்தின் மேல் அவள் என் மடியில் போய்விட்டாள். ஐந்து வயது, இரண்டு மாதம்.

நீலப் பூ காமாஸ் கிழங்கோடு வெள்ளைப் பூ நச்சுக் கிழங்கு கலந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. பூ உதிர்ந்தபின் நீலம் எது, நஞ்சு எது என்று கிழங்கைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தானே ஒவ்வொரு மே மாதமும், பூ நிற்கும் அந்தப் பத்து நாளுக்குள், வெள்ளையை எல்லாம் கிழங்கோடு பிடுங்கி வாளியில் போட்டுக் கொண்டுபோய் எரிக்கிறோம்.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மே 24: மேல்பக்கம், லவீனா, 163. ஓடைப்பக்கம், யூனிஸ் சித்தி, 88. பாறைக்கரை, ரோடா, 41. அதற்குக் கீழே ‘சுத்தம்’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். சித்திக்கு எழுபது வயதிலும் கழுகுக் கண். நீ சின்னவள், உன் கண்ணுக்கு என்ன. எனக்குத்தான் இரண்டு வருடமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்படியானால் அது யார் பக்கத்தில் தப்பியது என்று நீயே பார்த்துக்கொள்.

என் பிள்ளையை நான் கொன்றேன், ரோடா.

லவீனா

•

ஸ்போக்கேன்
அக்டோபர் 21

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு. கை வெந்து கிடக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் தாமதம்.

அது கிழங்காகத்தான் இருக்க வேண்டும் என்று நீயாக ஏன் முடிவு செய்கிறாய்? நவோமி காட்டில் கண்ட பழத்தையும் பறித்து வாயில் போடுவாள், நானே பார்த்திருக்கிறேன். தண்ணீராகவும் இருக்கலாம். வெர்ன்கூடக் கேட்டார்: "உங்க அக்கா வீட்டுக் கிணத்துக்கு மூடி இருக்கா, இல்ல தவளை தானா குதிக்குதா?"

இனிமேல் எனக்கு அந்த எண்களை எழுதாதே. யார் எத்தனை பிடுங்கினோம் என்பதெல்லாம் இப்போது எதற்கு?

வேளைக்குச் சாப்பிடு.

ரோடா

•

காமியா
நவம்பர் 9

ரோடா,

கிணற்றுக்கு மூடி இருக்கிறது. உன் வீட்டுக்காரரிடம் சொல். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், மூன்று கோப்பை குடித்தார், ஒன்றும் ஆகவில்லை.

மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வாந்தி எடுத்தோம். பிள்ளை தனியாகத் தின்ற பழத்துக்கு நாங்கள் ஏன் வாந்தி எடுக்கிறோம்? எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து என்னை முட்டாளாக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. தட்டு என் வரிசைக்கு வந்தபோது நான் கை நீட்டவில்லை. போதகர் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். அவர் போனதும் யூனிஸ் சித்தி அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"ஏண்டி, பரலோகத்துல கணக்கெழுத ஆள் இல்லன்னு உன்னைய வேலைக்கு வெச்சிருக்காங்களா? பாவம் யாரு பேருலன்னு அவர் எழுதிக்குவார். நீ பென்சில கீழ வை."

"என் கையாலதானே சித்தி உரிச்சுக் குடுத்தேன்?"

"நானும் ரெண்டு உரிச்சுத் தின்னேன். ஒரு ராத்திரி முழுக்கக் குடலக் கக்கினேன். போறதா இருந்தா நான் போயிருக்கணும். என்னத்தச் சொல்ல, சாவுக்குக்கூடக் கிழவின்னா ஆகாது."

சொல்லிவிட்டு தோள்போர்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சைலஸ் மரம் அறுக்கும் மில்லுக்குப் போகிறார், வருகிறார். என்னைத் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புல்வெளிக்குப் பக்கத்து நிலத்தில் கோதுமை போடுகிறவர் மறுபடி வந்தார். நம் பத்து ஏக்கரையும் குத்தகைக்குக் கேட்கிறார், முழுவதையும் உழுதுவிடுவார். இத்தனை நாள் விரட்டினேன். இப்போது கொடுக்கப்போகிறேன். கலப்பை இறங்கட்டும். வெள்ளையும் போகட்டும், நீலமும் போகட்டும். அடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது அதில் கிழங்கு தோண்டித் தின்றுவிடக் கூடாது.

நிலம் அம்மாவுக்குப்பின் நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். மே 20 அன்று நில அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

லவீனா

•

ஸ்போக்கேன்
டிசம்பர் 3

அக்கா,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

அம்மா அந்தப் புல்வெளியை எப்படி வைத்திருந்தாள்! தோண்டும்போது சின்னக் கிழங்கை எல்லாம் மறுபடி அதே குழியில் போட்டு மூடச் சொல்வாளே. விதை வெடிக்கும்போது தண்டை ஆட்டிவிட்டு நடக்கச் சொல்வாளே. விதை கிழங்காகி, ஒரு பூ காட்ட நாலைந்து வருடம். உழுவதற்கு ஒரு நாள் போதும்.

நீ இப்போது இருக்கிற நிலைமையில் எதையும் முடிவு செய்யாதே. உன்னால் இது நடக்கவில்லை. அதை மட்டும் நம்பு. எப்படித் தெரியும் என்று கேட்காதே.

ரோடா

•

காமியா
1953 ஜனவரி 18

ரோடா,

எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் செய்வேன். ஸ்போக்கேனில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியும்? குழி வெட்டும்போது நீ இருந்தாயா? தோல் உரிக்கும்போது இருந்தாயா? நாலு வருடத்தில் ஒரு தடவை களை பிடுங்க வந்தவள் எனக்கு அம்மாவின் வழக்கத்தைச் சொல்லித் தருகிறாய். புல்வெளிமேல் அத்தனை பாசம் இருந்தால் போன மே மாதம் வந்த இடத்தில் ஏன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்?

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்காமல் அனுப்புகிறேன், கிழித்தால் இன்னொரு தாள் வீணாகும்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை நான் நடந்தே புல்வெளிக்குப் போனேன். இடுப்பளவு பனி. பிள்ளை எனக்கு மேலே இருக்கிறாளா, கீழே இருக்கிறாளா என்று ஒரு நினைவு வந்தது, படுத்துவிட்டேன். குளிர்கூட இல்லை. சைலஸ் தடம் பார்த்து வந்து என்னைத் தூக்கினார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் பேசினார். "எந்திரி லவீனா. ரெண்டு பேரையும் புதைக்க எனக்குத் தெம்பில்ல" என்றார்.

மே மாதம் அது பூக்கும். அதைப் பார்க்க என்னால் முடியாது. நவோமிக்கு நிறம் சொல்லக் கற்றுக்கொடுத்ததே அங்கேதான். "நீலம் சாப்பாடு, வெள்ளை கூடாது" என்று பாட்டாகப் பாடுவாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் காலில் விழுகிறேன். கையெழுத்துப் போடு. தாளை மறுபடி வைத்திருக்கிறேன்.

லவீனா

•

ஸ்போக்கேன்
பிப்ரவரி 11

அக்கா,

இதோ, போட்டுவிட்டேன். இரண்டு இடத்திலும்.

இனி ஒருபோதும் பனியில் தனியாகப் போகாதே. சித்தியை உன்னோடு வந்து படுக்கச் சொல்.

ரோடா

•

காமியா
மார்ச் 10

என் அன்பான ரோடா,

தாள் வந்து சேர்ந்தது. ஸ்தோத்திரம். உனக்கு மனம் இல்லை என்று தெரியும். எனக்காகச் செய்தாய். போன கடிதத்தில் உன்னைக் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். அன்றைக்கு வந்த மூன்று பேரில் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தவள் நீ. அந்தப் பாறைக்கரை காய்ந்த மண். வெள்ளைக்குப் பிடித்த இடமே அதுதான். அதை ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்தாய். நான் கடிகாரத்தைச் சொல்லிக் காட்டுகிறேன்.

ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். ஏப்ரல் 5 ஈஸ்டர். அன்று சபைக்கு முன்னால் எழுந்து, என் கவனக்குறைவால் என் பிள்ளை செத்தாள் என்று என் வாயால் சொல்லப்போகிறேன். நோட்டையும் எடுத்துப்போய் அந்தப் பக்கத்தை வாசிப்பேன், உன் 41 உட்பட. யாரும் உன்னையோ சித்தியையோ ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதன்பிறகு மே 20. அதன்பிறகு எனக்கு இங்கே வேலை எதுவும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது. பயப்படாதே, சும்மா எழுதினேன்.

உன் அக்கா
லவீனா

•

ஸ்போக்கேன்
மார்ச் 28

அக்கா,

இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார். சைலஸ் மாமா பக்கத்தில் இருக்கும்போது படி.

சபையில் 41 என்று வாசிக்காதே. அது பொய். நான் பாறைக்கரையில் களை எடுக்கவே இல்லை.

அன்று மத்தியானம் நான் வண்டியை விட்டு இறங்கியதும் நீ சித்தி எதிரிலேயே கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "உதட்டுல என்னடி அது, பீட்ரூட் சாறா? பூப் பிடுங்க வந்தியா, பொம்மலாட்டத்துக்கு வந்தியா?" சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். வாளியை வாங்கும்போதே, இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றேன். அதற்கு நீ, "உனக்கென்ன அவசரம்? வீட்டுல பிள்ளையா அழுவுது?" என்றாய்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் எனக்கு இரண்டாவது தடவை கரு கலைந்திருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாதது உனக்கு எப்படித் தெரியும்? அதனால் இது சாக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வாளியை எடுத்துக்கொண்டு நேராகப் பாறைக்குப் பின்னால் வண்டிக்குப் போனேன். வெர்ன் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன, அதுக்குள்ள முடிச்சாச்சா?" "முடிச்சாச்சு." காலை நீட்டிக்கொண்டு நானும் கேட்டேன். சாயங்காலம் வரை கேட்டேன். வண்டிச் சக்கரத்தைச் சுற்றி நின்ற வெள்ளையை மட்டும் பிடுங்கி வாளியில் போட்டேன். பதினொரு செடி இருக்கும். நீ நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, "எத்தனை?" என்று கேட்டாய். நாற்பது என்று சொன்னால் குத்துமதிப்பாகச் சொன்னதுபோல இருக்கும் என்று நாற்பத்தொன்று என்றேன்.

வாளிக்குள் நீ எட்டிப் பார்த்திருந்தால் போதும். நீ பார்க்கவில்லை. என்னை நம்பினாய்.

அடக்கத்தன்று அதனால்தான் வேலிக்கு உள்ளே வர முடியவில்லை. கிணறு, பழம் என்று எழுதியதும் அதனால்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டது உனக்காக இல்லை அக்கா. மே மாதம் பூத்தால் பாறைக்கரை முழுக்க வெள்ளையாக நிற்கும், நீ பார்ப்பாய், கேட்பாய். உழுதுவிட்டால் மண்ணுக்குள் போய்விடும். அதற்காகப் போட்டேன். அதற்கு நீ எனக்கு ‘என் அன்பான ரோடா’ என்று எழுதினாய்.

சபையில் சொல்ல வேண்டுமானால் என் பெயரைச் சொல். உன்னுடையதைச் சொல்லாதே.

ரோடா

•

ஸ்போக்கேன்
மே 3

அக்கா,

ஐந்து வாரம் ஆகிறது. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன். வெர்ன் இப்போது என்னைப் பார்த்தாலே ரேடியோவை அணைத்துவிடுகிறார். நான் சொல்லவில்லை, அவராகவே.

திட்டியாவது எழுது. சபித்தாவது எழுது. அதுவும் முடியாவிட்டால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று சித்தியை ஒரு வரி எழுதச் சொல்.

ரோடா

•

காமியா
1953 மே 22

ரோடா,

உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதம் பெரிய வெள்ளியன்று வந்தது. ஈஸ்டர் அன்று கோவிலில் எழுந்து நின்றேன். நோட்டு கையில், உன் கடிதம் பையில். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் என் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியிருக்கும். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். யூனிஸ் சித்தி பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காரு லவீனா, பாட்டு ரெண்டாவது சரணம் போயிட்டிருக்கு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப்பின் ஆறு வாரம் உன்னை வெறுத்தேன். மறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் வேறெதற்கும் முன்னால் அதைத்தான் செய்தேன். நீ சொன்ன அந்தப் பிள்ளைப் பேச்சும் ஞாபகம் வந்தது. நான் சொன்னதுதான். அதற்காக உன்னை வெறுப்பதை நிறுத்த முடியவில்லை. பிறகு அதற்காக என்னையும் வெறுத்தேன்.

புதன்கிழமை குத்தகைத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினோம். புல்வெளி வழியாகப் போகும் பாதையில் சைலஸை வண்டியை நிறுத்தச் சொன்னேன். பூ வந்துவிட்டது. உன் பாறைக்கரைக்குப் போனேன். பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். பார்த்து, உன்னை வெறுத்தது சரிதான் என்று தெரிந்துகொண்டு, கையெழுத்துப் போட. நீ எழுதியது உண்மை. மாவு மூட்டை கிழிந்து சிந்தியதுபோல வெள்ளை. பாறை ஓரம் முழுக்க.

அப்புறம் மேல்பக்கம் ஏறினேன். என்னுடைய பக்கம். அங்கே ஒன்றும் இருக்காது, அதையும் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். முதலில் ஒன்று. நீலத்துக்குள் மறைந்து நின்றது. அதை வைத்துக் கண் பழகியதும் இன்னொன்று, இன்னொன்று. இருபத்தொன்பது, ரோடா. நான் அடி அடியாக நகர்ந்து பிடுங்கி, எண்ணி, சுத்தம் என்று எழுதிய இடத்தில்.

சைலஸ் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் இது பூக்காம இருந்திருக்கும். பூக்காத வருஷம் அதுவும் புல்லு, இதுவும் புல்லு. யாரால சொல்ல முடியும்?"

அம்மா சொல்வாளே, பூத்து நீ கண்ணால் பார்க்காத தண்டுக்குக் கீழே கிழங்கு தோண்டும் கம்பியை இறக்காதே என்று. ஜூலையில் நான் அப்படியா தோண்டினேன்? நோட்டில் சுத்தம் என்று இருக்கிறது என்று வரிசையாகத் தோண்டினேன். மூன்று பக்கத்துக் கிழங்கையும் ஒரே சாக்கில் கொட்டினேன். நீ பொய் சொன்னாய். நான் எழுதியதும் உண்மையில்லை. நவோமி வாய்க்குப் போனது எந்தப் பக்கத்துக் கிழங்கு என்று இனி எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் பக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விடிகாலையில் அது என் பக்கம் என்று தோன்றுகிறது.

இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. எனக்கும் இதில் ஆறுதல் இல்லை.

அலுவலகத்துக்கு அன்று போகவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. ஜூன் முதல் தேதிவரை பொறுக்கிறேன் என்று கோதுமைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் பூவும் உதிர்ந்துவிடும். அதற்குள் இந்தப் பத்து ஏக்கரில் ஒரு வெள்ளைகூட நிற்கக் கூடாது. நின்றால் உழவுக்கு விட்டுவிடுவேன். போய்விட்டாலும் இந்த வருடம் யாரும் கம்பி இறக்கப்போவதில்லை, அடுத்த வருடமும் இல்லை. மூன்று மே மாதம் தொடர்ந்து பிடுங்கியபின் பார்க்கலாம். சித்திக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது, ஓடைப்பக்கம் பாயைப் போட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பிடுங்குகிறாள். சைலஸுக்கு மில்லில் விடுப்பு இல்லை. நான் ஒருத்தி.

செவ்வாய்க்கிழமை பஸ் இருக்கிறது. பழைய செருப்புப் போட்டுக்கொண்டு வா. தண்டைப் பிடித்து இழுக்காதே, அறுந்து கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். கம்பியைப் பக்கத்தில் இறக்கி நெம்பு.

வந்ததும் வீட்டுக்கு வராதே, என்னைக் கட்டிக்கொள்ளவும் வராதே. இன்னும் என்னால் முடியாது. நேராகப் பாறைக்கரைக்குப் போய் அங்கிருந்து ஆரம்பி. நான் மேலே இருந்து இறங்கி வருகிறேன். இருவரும் எங்கே எதிரெதிரே வருகிறோமோ, அங்கே வைத்து என்ன பேச முடிகிறது என்று பார்ப்போம்.

லவீனா